ரிட்டர்ன் டிக்கெட் முருகையன்

எங்க வீட்டுக்காரருக்கு ஊர்ல வச்ச பேரு ரிட்டர்ன் டிக்கெட். நேர்ல பாத்தா முருகையாம்பாங்க, அந்தாண்ட திரும்பினா ரிட்டர்ன் டிக்கெட்டும்பாங்க. புருசன் பேரை இப்படிப் பட்டுனு சொல்றாளேன்னு பாக்காதீங்க. அந்தப் பேரை மெட்ராஸ் வரைக்கும் போயி ஒரு ஆபீஸ்ல சத்தமா சொல்லிட்டு வந்தவ நானு. இனிமே இன்னா வெக்கம்?

எண்பத்து மூணுல இந்த மனுசன் எனக்குத் தெரியாம ஒரு மனு போட்டாரு. ஆப்பிரிக்காவுக்குப் போயி ரெண்டு வருசம் இருந்து அடிபம்பு ரிப்பேர் பண்ணணும், அங்க இருக்கிறவங்களுக்கும் அந்த வேலையைச் சொல்லிக் குடுக்கணும். சம்பளம் கிடையாது, தொண்டு. சோறும் தங்க எடமும் அவங்க குடுப்பாங்க. இப்படி ஆள் அனுப்புற சங்கம் ஒண்ணு மெட்ராஸ்ல இருந்துச்சு, அதுக்குத்தான் மனு. நாப்பது வயசு தாண்டினா எடுக்க மாட்டாங்க. இவருக்கு முப்பத்தொன்பது முடிஞ்சு நாலு மாசம். இதை விட்டா இன்னொரு தடவை கிடையாதுன்னு அவருக்கு நல்லாத் தெரியும். எனக்குத்தான் ஒண்ணும் தெரியாது. தெரியாம நானும் எங்க ஊரு அடி அண்ணாமலை ஜனங்களும் சேந்து அடிச்ச கூத்தைத்தான் சொல்லப் போறேன்.

மொதல்ல அந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னு சொல்லிடறேன். எங்க கல்யாணத்துக்கு முந்தி வேலூர்ல பட்டாளத்துக்கு ஆள் எடுத்தாங்க. ஊரே கூடி மாலை போட்டு அனுப்புச்சாம். மார்பு அரை அங்குலம் கம்மின்னு அன்னிக்கே தள்ளி விட்டுட்டாங்க. போட்ட மாலை வாடறதுக்குள்ள திரும்பி வந்து நின்னாரு. எழுபத்திரெண்டுல, கெணத்துக்குப் போர் போடுற லாரியில ஒரிசாவுக்குப் போறேன்னு கெளம்பினாரு. கோழி அடிச்சுக் கொழம்பு வச்சு நான்தான் வழியனுப்பினேன். காட்பாடியில லாரி அச்சு முறிஞ்சு, மூணு நாள் ரோட்டோரமா உக்காந்துட்டு அதே சட்டையோட வந்து எறங்கினாரு. எழுபத்தெட்டுல துபாய்க்கு ஆள் எடுக்கிறாங்கன்னு மெட்ராஸுக்கு ஓடினாரு. வெல்டிங் தெரியுமான்னு கேட்டிருக்காங்க. இவரு தெரியாதுன்னு சொல்லிட்டு வந்துட்டாரு. பக்கத்துல நின்ன ஆளு ஸ்பானரையே கையில தொட்டவன் இல்ல, தெரியும்னு அடிச்சு விட்டுட்டு ப்ளேன் ஏறிட்டானாம். மூணு தடவையும் இப்படி ஆனதாலதான் நாலாவது தடவை யாருகிட்டயும் வாயைத் தெறக்கல.

வேலைன்னு பாத்தா மனுசனை ஒரு சொல் சொல்ல முடியாது. பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ்ல அடிபம்பு மெக்கானிக்கு. கீழ்பென்னாத்தூர் பக்கம் இருக்கிற கிராமத்துக்கெல்லாம் இவரு சைக்கிள் மணிச் சத்தம் தெரியும். எங்கயாவது ஒரு பம்பு கெட்டு நிக்குதுன்னு காதுல விழுந்தா, வாயில வச்ச சோறு எறங்காது. கல்யாணம் ஆன மூணாம் நாள் மறுவீட்டு விருந்துக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போறோம். வழியில நாலு பொம்பளைங்க காலிக் கொடத்தோட ஒரு பம்பைச் சுத்தி நிக்கிறதைப் பாத்துட்டாரு. அவ்ளோதான், பட்டு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு எறங்கிட்டாரு. தோல் வாஷர் தேஞ்சிருந்துச்சு. மாத்தறதுக்கு வாஷர் இல்ல. கல்யாணத்துக்கு வாங்கின புதுச் செருப்புல ஒண்ணைக் கழட்டி, வட்டமா அறுத்து உள்ள மாட்டி, தண்ணி வர வச்சுட்டு, ஒத்தச் செருப்போட மாமியார் வீட்டுப் படி ஏறினாரு. எங்க அப்பா என்னைத் தனியா கூப்பிட்டு, "பையன் நல்லாத்தானேம்மா இருக்கான்?"னு கேட்டாரு.

ரமணாசிரமம் பக்கம் ரூம் எடுத்து ஒரு வெள்ளைக்காரம்மா இருந்தாங்க. ஹெல்கான்னு பேரு. அறுபது வயசு, ரெண்டு முட்டியும் வலி. அவங்க காம்பவுண்டுல இருந்த பம்பைப் பாக்க இவரு போனப்பதான் வெனை ஆரம்பிச்சது. அந்தம்மா முன்னால ஆப்பிரிக்காவுல டீச்சரா இருந்தவங்களாம். "முருகையன், இதே பம்ப் அங்க இருக்கு. ஒரு நட்டு கழண்டு போச்சு, ஒரு வருஷம் அப்படியே நிக்கும். லேடீஸ் பானை எடுத்து ரொம்ப தூரம் நடக்கும்"னு அவங்க தமிழ்ல சொல்லியிருக்காங்க. காலிக் கொடம்னு சொன்னா இவருக்கு இன்னா ஆகும்னுதான் தெரியுமே. அந்தம்மாவே ஃபாரம் வாங்கிக் குடுத்து, சாயங்காலம் இங்கிலீசும் சொல்லிக் குடுத்தாங்க.

இதெல்லாம் எனக்குப் பின்னால தெரிஞ்சது. அப்ப என் கண்ணுல பட்டது வேற. தாறுமாறா கெடந்த மீசையை ஒரு நாள் கத்தரிச்சு விட்டுட்டு வந்தாரு. பவுடர் போட ஆரம்பிச்சாரு. வேட்டி கட்டுற மனுசன் டெய்லர்கிட்ட பேண்ட் தைக்கக் குடுத்தாரு. ஒரு நாள் ஸ்பானர் பையில கையை விட்டா, கோட்டு மாட்டிக்கிட்டு ஸ்டுடியோவுல எடுத்த போட்டோ நாலு. "இன்னாங்க இது?"ன்னேன். "ஆபீஸ்ல கேட்டாங்க"ன்னாரு. பம்பு ரிப்பேர் பண்றவனுக்கு எந்த ஆபீஸ்ல கோட்டு கேக்கறான்? கண்ணாடி முன்னால நின்னு "ஐயாம் வெரி ஹாப்பி, ஐயாம் வெரி ஹாப்பி"ன்னு தனியா சிரிச்சுக்கிட்டாரு. பத்து வயசுப் பொண்ணு பொன்னியை வச்சுக்கிட்டு இந்த வயசுல இந்த மனுசனுக்கு இன்னா வந்துச்சுன்னு மாட்டுக்கிட்ட சொல்லிப் பொலம்பினேன்.

இப்பதான் எங்க பக்கத்து வழக்கம் ஒண்ணைச் சொல்லணும். பேண்ட் சட்டை போட்ட வெளியூர் ஆளு ஒருத்தரு வந்து, டீக்கடை பெஞ்சுல உக்காந்து, ஒரு டீயைக் குடிச்சுக்கிட்டே மெதுவா, "இங்க இன்னார் இருக்காரே, ஆள் எப்படி?"ன்னு கேட்டாருன்னா, அதுக்கு ஒரே அர்த்தம்தான். பொண்ணு குடுக்கறதுக்கு முந்தி மாப்பிள்ளையைப் பத்தி விசாரிக்க வந்திருக்காரு. பையன் நல்லவன்னா ஏத்திச் சொல்லணும். அந்தச் சம்பந்தம் ஆகக்கூடாதுன்னா, அங்கயே ரெண்டு வார்த்தையில முடிச்சு விட்டுடணும். எங்க ஊர் சந்திரம்மா டீக்கடை பெஞ்சுல அப்படி நின்னு போன கல்யாணம் எத்தனையோ.

அந்தச் சங்கத்துக்காரங்களுக்கு இது தெரியல. மனு போட்டவன் குணம் எப்படின்னு நேர்ல விசாரிக்க, இன்ன விசயம்னு சொல்லாம, பரசுராமன்னு ஒரு பெரியவரை அனுப்பிட்டாங்க. புரட்டாசி மாசம் ஒரு புதன்கிழமை காலையில கண்ணாடி, தோல் பை, குடையோட வந்து சந்திரம்மா கடையில உக்காந்தாரு.

"முருகையன்னு ஒரு பம்பு மெக்கானிக் இருக்காராமே. ஆள் எப்படிம்மா?"

சந்திரம்மா டீ ஆத்தறதை நிறுத்திட்டா. "எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான். குடிப்பழக்கம் ஏதாவது? உடம்பு நல்லா இருக்கா? குடும்பத்தை விட்டுட்டு ரெண்டு வருஷம் வேற இடத்துல வந்து இருங்கன்னா இருப்பாரா?"

போதுமே! சந்திரம்மா எனக்கு ஒண்ணுவிட்ட அக்கா முறை. என் வாழ்க்கையைக் காப்பாத்தணும்னு வரிஞ்சு கட்டிக்கிட்டு எறங்கிட்டா. "குடியா? சாராயக் கடைக்காரனே இந்தாளு வர்றதைப் பாத்தா கதவைச் சாத்திடுவான் சார்." பக்கத்துல மாட்டுத் தரகன் சடையன் உக்காந்திருந்தான். அவனுக்கும் விசயம் புரிஞ்சு போச்சு. "உடம்பைப் பத்திக் கேட்டீங்களே, டி.பி. சார். இருமினாருன்னா பெரிய கோயில் மணிச் சத்தம் கேக்காது. அதோட பொண்டாட்டி வேற ரெண்டு. இங்க ஒண்ணு, கீழ்பென்னாத்தூர்ல ஒண்ணு."

"ரெண்டு சம்சாரமா?" பெரியவரு ஆடிப் போயி நோட்டுல எழுதினாரு.

"நல்லா எழுதிக்கோங்க. மூணாவதா ஒண்ணு வந்து மாட்டிக்கக் கூடாது பாருங்க"ன்னான் சடையன்.

கடைசியா, "வேலை எப்படி?"ன்னு கேட்டிருக்காரு. அதுல மட்டும் சந்திரம்மாவுக்குப் பொய் வரல. டீ கிளாஸைக் கழுவறதே எங்க வீட்டுக்காரரு ஓட்டி விட்ட பம்புத் தண்ணியில. "அதுல மட்டும் கில்லாடி சார்"னு முணுமுணுத்துட்டு, கடையைச் சடையன்கிட்ட விட்டுட்டு, கொல்லை வழியா குறுக்கால என் வீட்டுக்கு ஓடி வந்தா.

நான் மாட்டுக்குக் கழனித் தண்ணியில புண்ணாக்கைக் கரைச்சுக்கிட்டு இருந்தேன். "அடியே சரசு! உன் புருசனுக்குப் பொண்ணு குடுக்க விசாரிச்சுக்கிட்டு வர்றான்டி ஒரு ஆளு!"ன்னு மூச்சு வாங்கினா. மீசை, பவுடர், பேண்ட், கோட்டு, ஐயாம் வெரி ஹாப்பி எல்லாம் ஒண்ணா சேந்து என் மண்டையில ஏறிடுச்சு. அதுக்குள்ள அந்தப் பெரியவரு வாசல்ல வந்து நின்னு கையெடுத்துக் கும்பிடறாரு.

"வணக்கம்மா. முருகையன் சம்சாரம் நீங்கதானே? ஒரே ஒரு கேள்விதான். அவர் போறதுல உங்களுக்கு முழுச் சம்மதமா?"

இன்னா தைரியம் பாருங்க! என் புருசனைக் கட்டி வைக்கிறதுக்கு என்கிட்டயே சம்மதம் கேக்கறான். "இந்தாய்யா சம்மதம்!"னு வாளியோட தூக்கி ஊத்திட்டேன். தலையில இருந்து பேண்டு வரைக்கும் கழனித் தண்ணி. கண்ணாடியில புண்ணாக்கு. பாவம், அந்த மனுசன் கோபமே படல. கண்ணாடியைக் கழட்டித் தொடச்சு மாட்டிக்கிட்டு, "புரிஞ்சதும்மா"ன்னு சொல்லிட்டுப் போனாரு. குடையை மறந்து விட்டுட்டாரு.

சாயங்காலம் எங்க வீட்டுக்காரரு சைக்கிளை நிறுத்தறதுக்கு முந்தியே புடிச்சுக்கிட்டேன். "யாருய்யா அவ?"

"எவ?"

"இந்தக் குடைக்காரன் பொண்ணு!"

குடையைப் பாத்தாரு. வந்தவரு எப்படி இருந்தாரு, கையில தோல் பை இருந்துச்சா, யாரு யாரு இன்னா சொன்னீங்கன்னு ஒவ்வொண்ணா கேட்டாரு. நானும் பெருமையா ஒண்ணு விடாம சொன்னேன். கேக்கக் கேக்க அப்படியே தரையில உக்காந்துட்டாரு. அப்புறம் எழுந்து போயி ஸ்பானர் பையோட அடியில இருந்து ஃபாரத்து நகலை எடுத்து வந்து என் மடியில வச்சாரு. முழு விசயமும் அப்பதான் எனக்குத் தெரிஞ்சது.

எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்துச்சு. ஒண்ணு மட்டும் காலி. "இது இன்னா?"ன்னேன்.

"பொண்டாட்டி சம்மதம். நீ கையெழுத்துப் போடுற எடம்."

"ரேஷன் கடையில பத்து தடவை என் பேரை நீங்களே போட்டீங்களே. இதுல போட வேண்டியதுதானே?"

"இது ரேஷன் கடை இல்லியே சரசு. கேக்கலாம்னு தெனமும் வருவேன். நீ வேணாம்னுடுவியோன்னு பயம். சரின்னுட்டா அதுவும் பயம்." அப்புறம், "எனக்கு டி.பி.ன்னு சடையனா சொன்னான்?"னு கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சாரு. சிரிச்சு முடிச்சுட்டு, "விடு. இந்தத் தடவை மாலையாவது மிச்சம்"னு சொல்லிட்டுக் கை கால் கழுவப் போனாரு.

உள்ளதைச் சொல்றேன். எனக்கு மொதல்ல வந்தது நிம்மதிதான். அப்பாடா, இனிமே போக மாட்டாருன்னு நல்லாச் சாப்பிட்டேன். நாலு நாள் அப்படியே போச்சு. அஞ்சாம் நாள் எங்க தெருமுனை பம்பு நின்னு போச்சு. நானே போயி சொன்னேன். மனுசன் சொவத்தைப் பாத்துக்கிட்டே, "நாளைக்குப் பாக்கறேன்"னாரு. கட்டின நாள்ல இருந்து அந்த வாயில அந்த வார்த்தையை நான் கேட்டதில்ல. எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு. இப்படி ஒரு ஆளை வீட்டுல வச்சுக்கிட்டு நான் இன்னா பண்றது?

மறுநாள் விடிஞ்சதும் சந்திரம்மாவையும் சடையனையும் இழுத்துக்கிட்டு மெட்ராஸ் பஸ் ஏறிட்டேன். "சொல்லத் தெரிஞ்சுதில்ல? வந்து வாபஸ் வாங்குங்க"ன்னேன். ஆபீஸைத் தேடிக் கண்டுபிடிக்க மத்தியானம் ஆயிடுச்சு. பெரியவரு என்னைப் பாத்ததும் நாக்காலியை விட்டு எழுந்து, மொதல்ல என் கையைத்தான் பாத்தாரு. "பயப்படாதீங்க சார், உங்க குடைதான்"னேன்.

சடையன் கையைக் கட்டிக்கிட்டு நின்னான். "அந்தாளு இருமி நான் பாத்ததே இல்ல சார். பொண்டாட்டியும் இவ ஒருத்திதான். இவ ஒருத்தியே ஜாஸ்தி." நான் மொறைச்சேன். சந்திரம்மா பெஞ்சு விவகாரத்தை விளக்கிச் சொன்னா. பெரியவரு எங்களை மாறி மாறிப் பாத்தாரு. அப்புறம் மேசையில கையை ஊனிக்கிட்டு அப்படிச் சிரிச்சாரு. "என் பொண்ணுக்கு நானும் இப்படித்தாம்மா போளூர்ல போய் ஒரு டீக்கடையில விசாரிச்சேன். எனக்கே தோணாமப் போச்சே! இத்தனை கெட்டது சொன்னவங்க வேலையில மட்டும் கில்லாடின்னாங்களேன்னு அந்த ரிப்போர்ட்டை இன்னும் மேல அனுப்பாம வச்சிருக்கேன்." நோட்டை எடுத்தாரு. பக்கமெல்லாம் புண்ணாக்குக் கறை. "இப்ப நீங்க சொல்லுங்க. அவரோட குறையையும் சேர்த்துச் சொல்லணும்."

"குறைக்கு இன்னா பஞ்சம்? எங்க வீட்டுக் கூரை ஒழுகினா தெரியாது, எவ தெருப் பம்பு நின்னாலும் தெரிஞ்சுடும். பொய் சொல்லத் தெரியாது, அதுலதான் துபாய் போச்சு"ன்னு ஆரம்பிச்சு, ஒத்தச் செருப்புக் கதையையும் சொன்னேன். "முருகையனை உலகத்துல எந்த மூலையில கொண்டு போயி விட்டாலும் காலிக் கொடத்தைப் பாத்தா நின்னுடுவாரு சார். நல்லா எழுதிக்கோங்க, முருகையன்"னேன். புருசன் பேரை ரெண்டு தடவை சொல்லிட்டாளேன்னு சந்திரம்மா நாக்கைக் கடிச்சுக்கிட்டா.

பெரியவரு அந்தக் காலிக் கட்டத்தைக் காட்டிப் பேனாவைக் குடுத்தாரு. அஞ்சாங்கிளாஸ் படிச்ச கை. எழுதினா போயிடுவாரு. எழுதலன்னா அந்த "நாளைக்குப் பாக்கறேன்"லயே மனுசன் கொஞ்சம் கொஞ்சமா செத்துடுவாரு. பல்லைக் கடிச்சுக்கிட்டு எழுதினேன். சம்மதம். ஆனா திரும்பி வரணும். சரசு.

"அம்மா, சம்மதம்னு மட்டும்தான் எழுதணும். கூட எதுவும் சேர்க்கக் கூடாது."

"அப்ப சம்மதம் இல்ல."

அவரு ஒரு பெருமூச்சு விட்டு, காகிதத்தை அப்படியே எடுத்து ஃபைல்ல வச்சுக்கிட்டாரு.

தை பொறந்ததும் கெளம்பினாரு. மாலையும் வேணாம் கோழியும் வேணாம்னு கண்டிப்பா சொல்லிட்டாரு. வழியனுப்ப வந்த ஜனத்துல ஒருத்தருக்கும் நம்பிக்கை இல்ல. பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவாருன்னு சந்திரம்மா அவருக்கு ஒரு டீக்குப் பால் எடுத்தே வச்சிருந்தா. பொழுது சாஞ்சுது, வரல. "நெசமாவே போயிட்டாருடி"ன்னா. அதுக்கு மேல என்னால அடக்க முடியல, கடை பெஞ்சுலயே உக்காந்து ஓன்னு அழுதேன்.

மாசம் ஒரு கடுதாசி வரும். டீக்கடையிலதான் படிப்போம். ஒண்ணுல எழுதியிருந்தாரு: 'இங்க ஒரு பெரியவரு, பம்பு ஓடின சந்தோசத்துல, இந்த ஊர்லயே பொண்ணு பாத்துத் தர்றேன், இருந்துடுன்னு வெளையாடறாரு. எங்க ஊர்ல வந்து விசாரிச்சுட்டுக் குடுங்கன்னு சொல்லிட்டேன்.' சந்திரம்மா ஒடனே, "வரச் சொல்லுடி, கழனித் தண்ணி தயாரா இருக்கு"ன்னா.

ரெண்டு வருசம் முடியற நேரத்துல, இன்னும் ஒரு வருசம் இருக்கச் சொல்லிக் கெஞ்சறாங்கன்னு ஒரு கடுதாசி. அதுக்கு மேல இன்னா முடிவு பண்ணாருன்னு எழுதல. அடுத்த மாசம் கடுதாசியே வரல. காலிக் கொடம் இன்னும் எத்தனையோ இருக்கும், அதைப் பாத்துட்டு எப்படி வருவாருன்னு நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டேன். சொன்னா மனசு கேக்குதா? அந்த ஃபாரத்துல திரும்பி வரணும்னு சேத்து எழுதினதுக்கு இன்னா மதிப்புன்னு நெனச்சு நெனச்சுக் குமுறினேன்.

எண்பத்தாறு மாசி. மாட்டுக்குப் புண்ணாக்கைக் கரைச்சுக்கிட்டு இருக்கேன். கொல்லை வழியா குறுக்கால சந்திரம்மா ஓடி வர்றா. வயசாயிடுச்சு, ரெண்டு தடவை தடுக்கி விழப் பாத்தா. இப்ப எவன் விசாரிக்க வந்திருக்கான்னு எனக்குப் பதறுது.

"அடியே சரசு! ரிட்டர்ன் டிக்கெட் வந்துட்டாருடி!"

வாளியை எங்க போட்டேன்னு இன்னிக்கும் தெரியாது. "எங்கக்கா? வீட்டுக்கு வராம எங்க நிக்கிறாரு?"

"தெருமுனை பம்புலதான். வாஷர் தேஞ்சிருக்காம், போட்டுக்கிட்டு வந்த புது ஷூவைக் கழட்டி வச்சு அறுத்துக்கிட்டு இருக்காரு."